பேசுவதும் கதைப்பதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





"ஐயா, ஆண்டு விழாவிலே இளைஞர்களுக்கு நீங்கள் பேசவேண்டும்" என்று செயலாளர் என்னிடம் வந்து கேட்டார். அந்தத் தம்பி படலையடியில் நின்று இதைச் சொன்னபோது எனக்குள்ளே ஒரு சிரிப்பு எழுந்தது. நமது யாழ்ப்பாணத்திலே "பேசுதல்" என்னுஞ் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மேடையில் ஏறினால் பேசுகிறோம். வீட்டுக்குள்ளே ஒரு பிள்ளை "அப்பா எனக்குப் பேசிப்போட்டார்" என்று சொன்னாலோ, அப்பா ஏசிவிட்டார் என்பதே பொருள். ஒருவரோடொருவர் மனங்கலந்து உரையாடுவதற்கு நாம் வைத்திருக்குஞ் சொல் வேறு. அது "கதைத்தல்". வேலியோரத்திலே கதைக்கிறோம், வாசிகசாலையிலே கதைக்கிறோம், சண்டை பிடித்த இருவர் சமாதானமானால், "இப்போது கதைக்கிறார்கள்" என்கிறோம், பிரிந்தவரைப் பற்றி, "அவர்கள் கதை பேச்சில்லை" என்கிறோம்.

ஆகவே, இன்று நான் உங்களுக்குப் பேச வரவில்லை, கதைக்கவே வந்திருக்கிறேன். மனிதரோடு பழகுவது எப்படி, அவரவர் மனத்துக்கும் நிலைமைக்கும் ஏற்ப நமது சொல்லை அமைத்துக்கொள்வது எப்படி என்பதே எனது விஷயம். இது சிறு விஷயம் என்று எண்ணவேண்டாம். நமது ஊர்களிலே நல்ல நோக்கத்தோடு தொடங்கி நடுவழியில் நின்றுபோன பல காரியங்களை நான் பார்த்திருக்கிறேன். பணமில்லாமல் நின்றவை சில. மனிதரோடு கதைக்கத் தெரியாமல் நின்றவை பல.

முதலில் எனது சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் அதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

1963ஆம் ஆண்டு. எனக்கு வயது 17. எங்களூர் இளைஞர் சிலர் சேர்ந்து, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதென்று தீர்மானித்தோம். ஊரின் தெற்கெல்லையிலே பனந்தோப்பை அடுத்துச் சீவல் தொழில் செய்யுங் குடும்பங்கள் இருந்தன. அங்கே பிள்ளைகள் அதிகம், படிப்பவர் சிலரே. ஒருநாள் பின்னேரம் நாலரை மணிபோல நானும் ஒரு நண்பனும் அங்கே போனோம். ஒரு வீட்டு முற்றத்திலே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். இடுப்பிலே பாளைக்கத்தி, கையிலே தளநார். அவருடைய இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்தன.

நான் பேசத் தொடங்கினேன். கல்வியின் பெருமையைச் சொன்னேன். சமயத்தின் பெருமையைச் சொன்னேன். அதற்கு முதல்வாரம் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலே பரிசு வாங்கியிருந்தேன். அந்தப் பேச்சில் பாதி அவருக்குக் கிடைத்தது. முடிவிலே, "ஆனபடியால், நீ உன்னுடைய பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்பவேண்டும்" என்றேன். அவர் தலையை அசைத்து, "ஓம் ஐயா, அனுப்புறன்" என்றார். எனக்குப் பரம சந்தோஷம். காரியம் முடிந்துவிட்டது என்று சைக்கிளில் ஏறினேன்.

ஒரு பிள்ளையும் வரவில்லை. அந்த வீட்டிலிருந்து மாத்திரமல்ல. அந்தப் பகுதியிலிருந்தே ஒருவரும் வரவில்லை.

"அவர்களுக்குப் படிப்பிலே அக்கறை இல்லை" என்று நான் சொன்னேன். எங்களோடு நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னோடு வாரும்" என்றார். போனோம். அவர் போனது மத்தியான வேளை. ஏனென்று பின்னர்தான் விளங்கியது. காலையிலும் பின்னேரத்திலும் சீவல் தொழிலாளிக்கு மரத்தில் வேலை. நான் போனது, அவர் தளநாரோடு புறப்பட்டு நின்ற நேரம். ஒரு மனிதரை அவருடைய தொழிலுக்குப் போகவிடாமல் மறித்துவைத்துக் கல்வியின் பெருமை பேசியிருக்கிறேன்!

ஆசிரியர் முற்றத்துக்குள்ளே போய், "என்ன, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார். பிறகு அங்கே கிடந்த ஓலைப்பாயிலே இருந்தார். இம்முறை பாளை எப்படி, மழை பிந்தியதால் கள்ளுக் குறைவோ, முழங்காலிலே விழுந்த அடி மாறிவிட்டதோ என்று கேட்டார். கேட்டுவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தார். அரைமணி நேரமாகப் படிப்பைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பின்னர், "கொஞ்சம் தண்ணி தாருங்கோ" என்றார்.

அந்தக் காலத்தை அறிந்த பெரியோர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. இளைஞர்களுக்குச் சொல்கிறேன். அந்த வீட்டிலே ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பது, அன்றைய நமது ஊரிலே, ஒரு மணி நேரச் சொற்பொழிவிலும் பெரிய காரியம். வீட்டுக்கார அம்மா தயங்கித் தயங்கிச் செம்பைக் கொண்டுவந்தார். ஆசிரியர் குடித்துவிட்டு எனக்கும் நீட்டினார். நானும் குடித்தேன். அதன் பிறகு ஆசிரியர் பிள்ளைகளைப்பற்றிக் கேட்டது இரண்டே வாக்கியம். அடுத்த கிழமை ஏழு பிள்ளைகள் வந்தனர்.

சில மாதம் கழித்து அந்தப் பெரியவரோடு நான் நன்றாகப் பழகிய பின், "முதல் முறை ஏன் அனுப்பவில்லை?" என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழியை அவருடைய வாய்மொழியாகவே தருகிறேன்: "தம்பி, அண்டைக்கு நீங்கள் என்ரை பிள்ளையளுக்குப் படிப்புத் தாறம் எண்டு வந்தனீங்கள். அதுகளுக்கு முன்னாலை அதுகளின்ரை தேப்பனை நீ எண்டனீங்கள். அதுகள் அண்டைக்கே ஒரு பாடம் படிச்சிட்டுதுகள்."

அன்பர்களே, நான் பிறகு எத்தனையோ புத்தகம் படித்தேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடான பாடத்தை எங்கும் பெறவில்லை. இன்னொன்றையுங் கவனியுங்கள். முதல்நாள் 17 வயதுப் பையனாகிய என்னை அவர் "ஐயா" என்றார். மனங்கலந்த பின் "தம்பி" என்றார். அந்த "ஐயா" போய் "தம்பி" வந்த நாள்தான் எங்கள் மாலை வகுப்பு உண்மையாகத் தொடங்கிய நாள்.

இனி, நமது மொழியிலுள்ள ஒரு சிறப்பைப் பாருங்கள். ஆங்கிலத்திலே எதிரே நிற்பவரை அழைக்க "யூ" என்னும் ஒரு சொல்லே உண்டு. நமக்கோ நீ, நீர், நீங்கள் என மூன்று. கடிதத்திலும் சபையிலும் "தாங்கள்" என நாலாவதும் உண்டு. தமிழ்நாட்டின் பல பகுதிகளிலே பேச்சில் அருகிவிட்ட "நீர்", நம்மிடத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆசிரியர் மாணவனை "நீர்" என்பார். ஒத்த வயதினர் ஒருவரையொருவர் "நீர்" என்பர். இந்த ஏணியிலே எந்தப் படியில் ஒருவரை நிறுத்துகிறோம் என்பதை, நாம் வாயைத் திறந்த முதல் வாக்கியத்திலேயே அவர் அறிந்துவிடுவார். நாம் கொண்டுபோன நல்ல செய்தி அதன் பின்னர்தான் அவருடைய காதுக்குப் போகவேண்டும். வாசலிலே தடுக்கி விழுந்த செய்தி வீட்டுக்குள்ளே போவதில்லை.

1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் பிறகும், 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே நமது சகோதரர்கள் உள்ளே போவதற்காகப் போராடவேண்டியிருந்தது. சட்டம் கதவைத் திறக்கலாம்; "வாருங்கோ, இருங்கோ" என்று சொல்லுகின்ற வாய் நமக்கிருந்தாலன்றி வந்தவர் உள்ளே இருக்கமாட்டார்.

கேட்போருக்கு ஏற்பச் சொல்லை அமைப்பது புதிதாக மேல்நாட்டார் கண்டுபிடித்த கலை என்று சிலர் எண்ணுகின்றனர். திருவள்ளுவர் அதிகாரங்களை வைத்த ஒழுங்கைப் பாருங்கள். "கேள்வி" 42ஆவது அதிகாரம், "சொல்வன்மை" 65ஆவது. முதலில் கேட்கப் பழகு. பிறகு சொல்லப் பழகு. "அவையறிதல்" 72ஆவது, "அவையஞ்சாமை" 73ஆவது. முதலில் முன்னே இருப்பவர் யார் என்று அறிந்துகொள். அதன் பிறகு அஞ்சாதே. நமது இளைஞரிலே அஞ்சாதவர் பலர் உண்டு. அறிந்துகொண்டு அஞ்சாதவர் எத்தனை பேர்?

நமது சமயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இறைவன் ஒருவன். திருஞானசம்பந்தர் அவனோடு பிள்ளையைப்போல உறவு கொண்டார். திருநாவுக்கரசர் தொண்டனைப்போல நின்றார். சுந்தரர் தோழனைப்போல உரிமை கொண்டாடினார், கோபித்துங்கொண்டார். ஒரே பரம்பொருளோடு பழகுவதற்கே மூன்று வழி, மூன்று குரல் என்றால், ஊரிலுள்ள நூறு மனிதரோடும் ஒரே குரலிலே பேசித் தீர்ப்பேன் என்பது என்ன நியாயம்?

நமது மண்ணிலே இந்தக் கலையை நன்கறிந்து பயன்படுத்தியவருள் முதன்மையானவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அவர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் தேதி பிறந்தார். பீட்டர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே படித்து, அவருக்கு உதவியாக விவிலிய மொழிபெயர்ப்பிலும் வேலை செய்தார். அங்கே பாதிரிமார் சனங்களுக்கு விஷயத்தைச் சொல்லுகின்ற விதத்தைக் கூர்ந்து கவனித்தார். நமது பக்கத்திலே அன்று புராண படனம் இருந்தது. ஒருவர் பாட்டைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லுவார். இலக்கணம் அறிந்தவர்க்கு அது அமுதம். சந்தையிலிருந்து வந்து தூணோரம் இருந்தவருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும்?

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் தேதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே நாவலர் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிதோறும் ஒரு பொருளை எடுத்து, வசன நடையிலே, கேட்பவருக்கு விளங்கச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 25. அடுத்த ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை வைத்தார். அச்சுக்கூடம் நிறுவினார். சிறு பிள்ளைகளுக்குப் படிமுறையாகப் பாலபாடம் எழுதினார். கேள்வி கேட்டு விடை சொல்லும் முறையிலே சைவ வினாவிடை எழுதினார். சேக்கிழாருடைய பெரியபுராணத்தை வசனமாக்கி 1852ஆம் ஆண்டிலே அச்சிட்டார். பண்டிதரோடு வாதாடவேண்டியபோது பண்டித நடையிலே கண்டனமும் எழுதினார். பாலபாடத்துச் சிறு வாக்கியத்தையும் கண்டனத்து நீண்ட வாக்கியத்தையும் எழுதியது ஒரே கை. குழந்தைக்கு ஒரு நடை, குடியானவருக்கு ஒரு நடை, புலவருக்கு ஒரு நடை. நடை மாறியது, கொள்கை மாறவில்லை.

1877ஆம் ஆண்டிலே பஞ்சம் வந்தபோது அதே நாவலர் கஞ்சித்தொட்டி வைத்தார். பசித்தவனுக்குப் பிரசங்கம் அல்ல, கஞ்சியே சொல் என்பதை அறிந்திருந்தார். இதுவும் அவையறிதலே.

பெரியோர் பெருமையைச் சொல்லும்போது எல்லையையுஞ் சொல்வதுதான் நேர்மை. சாதி ஆசாரத்திலே நாவலர் தமது காலத்தின் வேலிக்குள் நின்றவர். அவருடைய எளிய வசனம் போகத்தக்க சில வீடுகளுக்கு அந்தக் காலம் அதைப் போகவிடவில்லை. அந்த வேலியைத் தாண்டுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. அவர் தொடங்கிய வேலையிலே நமது பங்கு அது.

மதத்தாலும் நாட்டாலும் வேறான ஒருவரையும் இங்கே நினைக்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து 1847ஆம் ஆண்டிலே, நாவலர் பிரசங்கந் தொடங்கிய அதே ஆண்டிலே, யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அடுத்த ஆண்டிலே வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய அவர், நாளடைவில் மானிப்பாயிலே அந்த மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவர் தமது மொழியிலே வந்து தம்மைச் சந்திக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தாமே தமிழுக்கு வந்தார். உடற்கூற்றுக்கும் இரண வைத்தியத்துக்கும் பிரசவ வைத்தியத்துக்கும் தமிழிலே பெரிய நூல்கள் வெளிவரச் செய்தார். 1873ஆம் ஆண்டிலே தாய்நாடு திரும்பி 1884ஆம் ஆண்டிலே காலமான அவருடைய கல்லறைக் கல்லிலே, அவருடைய விருப்பப்படியே, தமிழருக்குத் தொண்டு செய்த வைத்தியர் என்ற கருத்து பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாயிலே அவர் பெயரால் ஆஸ்பத்திரி இன்றும் உண்டு. அவர் வந்த நோக்கத்தோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால், நோயாளியின் மொழியிலே நோயைக் கேட்டவன் பாதி மருந்தைக் கொடுத்துவிட்டான் என்பதை மறுக்கமுடியாது.

மூன்றாவதாக, கொழும்புத்துறை யோகசுவாமிகள். 1872ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்திலே பிறந்து, நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளைக் குருவாகக் கொண்டு, 1964ஆம் ஆண்டிலே மகாசமாதி அடைந்தவர். அவருடைய சிறு கொட்டிலுக்குத் தோட்டக்காரரும் வந்தனர், உத்தியோகத்தரும் வந்தனர், மாணவரும் வந்தனர், வெள்ளைக்காரரும் வந்தனர். எல்லாருக்கும் ஒரே உபதேசத்தை அவர் ஒப்பிக்கவில்லை. ஒருவரை ஏசி அனுப்புவார். ஒருவரைப் பாடச் சொல்லுவார். ஒருவரோடு ஊர்ப்புதினம் கதைப்பார். ஒருவரோடு பேசாமல் இருப்பார். வந்தவருக்கு எது வேண்டுமோ அது கிடைத்தது. ஆதலினால்தான் அந்தக் கொட்டிலுக்கு மறுபடியும் மறுபடியும் போனார்கள்.

இங்கே ஓர் ஐயம் எழும். "ஆளுக்கு ஏற்றபடி பேசுவதென்றால் அது நடிப்பு ஆகாதா? முகத்துதி ஆகாதா?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நல்ல கேள்வி. முகத்துதி செய்பவன் பொருளை மாற்றுகிறான். சொல்லுகின்ற விதத்தை மாற்றுவதில்லை. யாரிடம் போனாலும் அவனுக்கு ஒரே தேன்குழல்தான். நான் சொல்லுவது இதற்கு நேர்மாறு. பொருள் மாறக்கூடாது, விதம் மாறவேண்டும். "உமது பிள்ளை கணக்கிலே பின்னிற்கிறான்" என்னும் உண்மையைத் தகப்பனிடஞ் சொல்லவேண்டும், தாயிடஞ் சொல்லவேண்டும், பிள்ளையிடமுஞ் சொல்லவேண்டும். உண்மை ஒன்று. மூவரிடமும் ஒரே குரலிலே சொன்னால், தகப்பன் அடிப்பான், தாய் அழுவாள், பிள்ளை புத்தகத்தை மூடுவான். மருந்து ஒன்றுதான், ஒருவருக்குத் தேனிலே குழைத்தும் ஒருவருக்கு வெந்நீரிலே கலந்தும் கொடுக்கிறோம். அனுபானம் மாறினால் வைத்தியன் பொய்யன் ஆவானா?

இனி, சங்க வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு என் அனுபவத்திலே கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரம் அறிந்து போங்கள். தோட்டக்காரர் தண்ணீர் மாறும் நேரத்திலும், கடற்றொழிலாளி வலையோடு கரைக்கு வரும் நேரத்திலும், தாய் உலையிலே அரிசி போடும் நேரத்திலும் நன்கொடைப் புத்தகத்தை நீட்டாதீர்கள்.

இரண்டாவது, கேள்வி கேட்டால் மறுமொழிக்குக் காத்திருங்கள். "சுகமோ?" என்று கேட்டுவிட்டு மறுமொழி வருமுன் கைத்தொலைபேசியைப் பார்ப்பவரை இன்று எங்கும் காண்கிறேன். பழைய காலத்திலே வெற்றிலைத் தட்டத்தை நீட்டி, வந்தவர் பாக்கை வெட்டி முடிக்கும்வரை ஒருவரும் விஷயத்தை எடுக்கமாட்டார். அது வீண்பொழுது அல்ல. மனம் முற்றத்திலிருந்து திண்ணைக்கு ஏறுவதற்குக் கொடுத்த அவகாசம்.

மூன்றாவது, அவரவர் சொல்லிலே தொடங்குங்கள். நீங்கள் படித்த சொல் உங்கள் பரீட்சைத் தாளுக்கு உதவும். புகையிலைத் தோட்டத்திலே நிற்பவரிடம் நோயைப்பற்றிச் சொல்லப்போனால், அவர் அந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயரை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டவனிடமே அவர் தமக்குத் தெரியாததைக் கேட்பார்.

நாலாவது, பேசாமலிருக்கப் பழகுங்கள். நமது செத்தவீட்டு வழக்கத்தைப் பாருங்கள். வருபவர் வாழ்த்துவதில்லை, போகும்போது "போய்வருகிறேன்" என்று சொல்லுவதுமில்லை. வந்து, பக்கத்தில் இருந்து, எழுந்து போகிறார். அந்த இருப்பே ஆறுதல். 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தது. பிள்ளையைத் தேடும் தாயும், கால் இழந்த தம்பியும் நமது ஒழுங்கைகளிலேயே இருக்கின்றனர். அவர்களிடம் போய், "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று கிளறாதீர்கள். வேலியை அடைத்துக் கொடுங்கள். சங்கக்கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக் கொடுங்கள். சொல்லவேண்டிய நாள் வந்தால் அவர்களே சொல்லுவர். அன்று கேட்க நீங்கள் அங்கே இருந்தாற் போதும்.

இதைச் சொல்லும்போது 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி இரவு நினைவுக்கு வருகிறது. வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்த இரவு. முன்னே பின்னே தெரியாதவர் என் தாயாரைக் கைகொடுத்துத் தாங்கினார். யாரோ ஒருவருடைய குழந்தை என் தோளிலே நித்திரை கொண்டது. போத்தல் தண்ணீரை யார் தந்தார், யார் குடித்தார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அந்த இரவிலே எவரும் எவரையும் "நீ" என்று இழித்துக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. துன்பம் ஓர் இரவிலே கற்பித்த மரியாதையை நாம் திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது மறந்துவிடவில்லையா? இதை நமது நெஞ்சே சொல்லட்டும்.

இளைஞருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று பெரியோர் மகிழவேண்டாம். நமக்கும் ஒரு பங்குண்டு. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒன்றுங் கதைக்கிறார்களில்லை" என்று நாம் குறைப்படுகிறோம். அவர்கள் கதைக்க வந்தபோது நாம் பேசினோம். அதாவது, யாழ்ப்பாணத்து அர்த்தத்திலே பேசினோம்.

நாலு வருஷத்துக்கு முன் நல்லூர்த் திருவிழாக் காலத்திலே கனடாவிலிருந்து என் மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்திக்கு எட்டு வயது. வந்த இரண்டாம் நாள், வீடு நிறைய உறவினர் இருக்கும்போது, அவள் ஓடிவந்து என் மடியிலே ஏறி, "அம்மப்பா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சபை திடுக்கிட்டது. "பிள்ளைக்கு மரியாதை பழக்கவில்லையோ?" என்று ஒருவர் என் மகளைக் கேட்டார். இன்னொருவர் சிரித்தார். குழந்தையின் முகம் வாடிவிட்டது. அன்று முழுவதும் அவள் தமிழிலே வாய் திறக்கவில்லை.

எனக்கு அந்த இரவிலே பனந்தோப்பு வீடு ஞாபகம் வந்தது. 17 வயதிலே நான் ஒரு பெரியவரைப் பார்த்து "நீ" என்றேன். இந்தக் குழந்தையும் ஒரு பெரியவரைப் பார்த்து "நீ" என்றாள். எழுத்து ஒன்றுதான். என்னுடைய "நீ"யிலே அன்பில்லை, அகந்தை இருந்தது. எனக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. அவளுடைய "நீ"யிலே நான் சாப்பிட்டேனா என்னும் கவலை இருந்தது, வித்தியாசம் தெரியவில்லை. என்னை ஒருவரும் அன்று கண்டிக்கவில்லை. அவளை எல்லாரும் கண்டித்தனர்!

அடுத்தநாள் முதல் நான் அவளை "நீங்கள்" என்று அழைத்தேன். "பிள்ளை, நீங்கள் பால் குடிச்சீங்களோ? நீங்கள் அம்மப்பாவோடை கோவிலுக்கு வாறீங்களோ?" என்று கேட்டேன். நமது வீடுகளிலே பிள்ளைகளை "நீங்கள்" என்று அழைக்கும் நல்ல வழக்கம் பலரிடம் உண்டல்லவா? அவள் பிழையைப்பற்றி ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை. பத்து நாளாகியிருக்கும். தேர்த் திருவிழாவன்று வீதியிலே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மப்பா, நீங்கள் களைச்சுப் போனீங்களோ?" என்றாள். மரியாதையை ஏசிக் கற்பிக்கமுடியாது, கொடுத்துத்தான் கற்பிக்கவேண்டும். ஓய்வுபெற்ற அந்த ஆசிரியர் ஓலைப்பாயிலே இருந்து செய்ததும் இதுதான்.

முடிக்கும்முன் ஒரு காட்சியை உங்கள் மனக்கண் முன் நிறுத்த விரும்புகிறேன். சுவாமிமலையிலே முருகப்பெருமான் தந்தைக்குப் பிரணவப் பொருளை உபதேசித்த வரலாறு உங்களுக்குத் தெரியும். மகனுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. அது ஒரு பெருமை. அதைவிடப் பெரிய பெருமை ஒன்று அந்தக் காட்சியிலே உண்டு. உலகுக்கெல்லாம் தந்தையானவர் வாய்பொத்தி, தலைகுனிந்து, தமது காதைக் குழந்தையின் வாய்க்கு நேரே கொண்டுவந்தார். அவர் குனிந்தபடியினாலேதான் அந்த உபதேசம் நடந்தது.

இளைஞர்களே, உங்கள் முன்னே நிற்பவர் யார் என்று அறிந்து சொல்லுங்கள். பெரியோர்களே, சொல்ல வருபவர் எவ்வளவு சிறியவராயினும் சற்றுக் குனிந்து கேளுங்கள். பனந்தோப்பு ஓரத்து வீடுகளுக்கு முன்னே நமது சங்கத்தார் இன்றும் சைக்கிளிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் போகின்றனர். அடுத்த முறை போகும்போது இறங்கி, நேரம் பார்த்து, படலையைத் தட்டி, "இருக்கிறீங்களோ?" என்று கேளுங்கள். உள்ளே இருந்து "ஆர், தம்பியோ? வாருங்கோ" என்று குரல் வந்தால், இந்தச் சங்கம் நடக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

நான் பேசியது போதும். இனி, மண்டபத்துக்கு வெளியே தேநீர் வைத்திருக்கிறார்கள். வாருங்கள், கதைப்போம்.